ஏழு நிமிஷப் போட்டியும் ஆனேக்கல் பெண் அழைப்பும்

போன வாரம் நம் பேண்ட் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. புதிதாகச் சேர்ந்த ஆறு பேரில் ஒருவர் எழுதியிருந்தீர்கள்: பெரிய பேண்ட் போட்டி ஒன்று வருகிறதாம், ஷீல்டு கொடுக்கிறார்களாம், நாமும் போகலாமா என்று. அடுத்த ஐந்து நிமிஷத்தில் கட்டைவிரல்கள் வரிசை கட்டி நின்றன. பதினோரு கட்டைவிரல் எண்ணினேன். கடைசியில் ஒரே ஒருவர் மட்டும், மாஸ்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். மாஸ்டர் ரிட்டயர் ஆகி நாலு வருஷமாகிறது. விவேக் நகரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அவரைப் போய்க் கேட்டுவிட்டீர்கள். இனி முழுவதையும் படித்துத்தான் ஆகவேண்டும்.

போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. நான் போன கதையைச் சொல்கிறேன். கிளாரினெட்டில் விரல் எங்கே வைப்பது, மழையில் டிரம் தோலை எப்படிக் காப்பது என்பதெல்லாம் இப்போதைய மாஸ்டர் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார். எனக்குத் தெரிந்தது வேறு. யார் எதற்காக வாசிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் அவர்கள் முதுகையும் வாயையும் பார்த்தபடி நடந்தவன் நான்.

நம் யூபோனியம் அந்தோணியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மனைவி, மாமியார், மனைவியின் அக்கா, மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்பார்கள். வாயில் யூபோனியம் இருக்கும்வரை பதில் சொல்லவேண்டியதில்லை. அந்த நிம்மதிக்காக வாசித்தான். டிரம்பெட் செல்வம் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. வாரம் முழுக்கக் காருக்கு கேட் திறந்து சல்யூட் அடிப்பவன். ஊர்வலத்தில் அவன் டிரம்பெட்டைத் தூக்கினால் அதே கார்கள் நின்று வழிவிடும். அதற்காக வாசித்தான். ஜால்ரா பாபு பிரியாணிக்காக வாசித்தான். அதை மறைத்ததும் இல்லை.

பெரிய டிரம் முனுசாமி எதற்காக அடிக்கிறான் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. உங்களுக்குப் பின்னால் வயிற்றில் டிரம்மை மாட்டிக்கொண்டு இன்றும் நடக்கிற அதே முனுசாமிதான். அப்போது ஈஜிபுராவில் வாட்டர்மேன் வேலை. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பது அவன் கைச்சாவியில் இருந்தது. ஐந்து நிமிஷம் பிந்தினால் ஒரு தெருவே குடத்தோடு திட்டும் என்பதால், கடிகாரம் பார்த்து வாழ்ந்த மனுஷன். ஒருநாள் கேட்டேவிட்டேன், எதுக்குய்யா இதை அடிக்கிறாய் என்று.

“வெயிட்டா கீது மாஸ்டர். வேற யாரும் தூக்க மாட்டேங்கறாங்க” என்றான்.

நான் எதற்காகக் கிளாரினெட் வாசித்தேன் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். கலைக்காக. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் மனதில் ஒரு கண்ணாடி அலமாரி உட்கார்ந்திருந்தது. அது என் மச்சான் அருள் வீட்டு அலமாரி.

அருள் என் மனைவியின் தம்பி. ஐ.டி. கம்பெனியில் வேலை. வாரக்கடைசியில் ஆபீஸ் நண்பர்களோடு கிடார் வாசிப்பான். கிடாரில் அவனுக்கு நாலு பாட்டு வரும், அதில் இரண்டு ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அவன் ஹாலில் சுவர் அகலத்துக்கு ஒரு ஷோகேஸ். உள்ளே விளக்குப் போட்டு, ஷீல்டு, கப், மெடல். ஆபீஸ் விழாவில் முதல் பரிசு, அபார்ட்மெண்ட் கன்னட ராஜ்யோத்சவ விழாவில் இரண்டாம் பரிசு என்று. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதில் ஒன்று கேரம் போர்டுக்கு, ஒன்று இரத்த தானத்துக்கு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே கிடாருக்கு வாங்கியது போலத்தான் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவனை ‘மியூசிஷியன்’ என்றும் என்னை ‘பேண்டு செட்’ என்றும் என் மாமியார் அறிமுகம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு எரியும்.

அந்த அருள்தான் ஒருநாள் போன் செய்தான். டவுன் பக்கம் ஒரு கலைச் சங்கம் போட்டி நடத்துகிறது, இந்த வருஷம் ஊர்வல பேண்டுகளுக்கும் தனிப் பிரிவு உண்டு, குழுவுக்கு ஒரு ஷீல்டு, சிறந்த தனிக்கலைஞருக்கு ஒரு ஷீல்டு, ஆன்லைனில் ஃபாரம் நிரப்பட்டுமா மாமா என்றான். கிண்டலாகத்தான் கேட்டான் என்று இப்போது நினைக்கிறேன். நிரப்பு என்று அவன் வாக்கியம் முடியும் முன்பே சொல்லிவிட்டேன்.

தேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஏற்கெனவே ஊருக்கு வெளியே ஆனேக்கலில் ஒரு கல்யாண ஆர்டர் இருந்தது. மறுநாள் காலை முகூர்த்தம், முதல்நாள் மாலை பெண் அழைப்பு. கல்யாணப் பெண் முனுசாமியின் அக்கா மகள் பவித்ரா. முனுசாமி தாய்மாமன். அவர்கள் வழக்கத்தில் பெண் அழைப்பின்போது தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து இறக்கினால்தான் பெண் காரிலிருந்து தரையில் கால் வைப்பாள். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அந்தப் பெண்ணுக்கு மாமன்தான் எல்லாம். மாமனுடைய டிரம் முன்னால் போகவேண்டும் என்று பத்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததாம்.

கணக்கு எனக்குச் சுலபமாக இருந்தது. போட்டியில் நம் முறை மூன்று மணிக்கு. மேடையில் ஏழு நிமிஷம். மூன்றரைக்கு டெம்போ ஏறினால் எவ்வளவு டிராஃபிக் என்றாலும் ஐந்தரைக்கு ஆனேக்கல். ஞாயிறு ராகுகாலம் ஆறு மணிக்கு முடிகிறது. ஆறரைக்குப் பெண் அழைப்பு. நடுவில் காபி குடிக்கவே நேரமிருக்கிறது. முனுசாமி இல்லாமல் போட்டி இல்லை, பெரிய டிரம் இல்லாத பேண்டு ஊர்வலத்தில் காணாமல் போன பிள்ளைகள் மாதிரி. அது அவனுக்கும் தெரியும். “கரெக்டா உட்டுடுவீங்க இல்ல மாஸ்டர்?” என்று மட்டும் கேட்டான். என் மேல் ஆணையாக என்றேன். என் வாய்க்கு அப்படி ஒரு பழக்கம்.

பதினைந்து பேரும் சிவப்புக் கோட்டு, ஜரிகைத் தொப்பியோடு இரண்டு மணிக்கே அரங்கத்துக்குப் போய்விட்டோம். ஏ.சி. அரங்கம். எங்களை அதுவரை யாரும் கட்டிடத்துக்கு உள்ளே விட்டு வாசிக்கச் சொன்னதில்லை, வாசலோடு சரி. மூன்று மணி ஆனது. சீஃப் கெஸ்ட் வரவில்லை, அவர் விளக்கேற்றாமல் ஆரம்பிக்க முடியாது என்றார் அமைப்பாளர். “சொல்ப அட்ஜஸ்ட் மாடி சார்”, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று என் தோளைத் தட்டினார். நானும் மாடினேன்.

மூன்றே முக்காலுக்கு முனுசாமி வந்து, “மாஸ்டர், போலாமா?” என்றான். இதோ வந்துவிடுவார் என்றேன். நாலேகாலுக்கு மறுபடி வந்தான். “போலாமா மாஸ்டர்?” குரலில் கோபம் இல்லை. தண்ணீர் வருமா என்று கேட்கிற வீட்டுக்காரர்களிடம் அவன் பேசுகிற அதே குரல். அப்போதுதான் சீஃப் கெஸ்ட் கார் உள்ளே வந்தது. பார்த்தாயா என்றேன். அவர் விளக்கேற்றினார். பிறகு பேசினார். தமக்குச் சின்ன வயதில் இசையில் எவ்வளவு ஆர்வம், ஏன் கற்றுக்கொள்ள முடியவில்லை என்று இருபத்தைந்து நிமிஷம் விளக்கினார். கற்றுக்கொண்டவர்கள் பக்கவாட்டில் கொக்குப் போல நின்றோம்.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? இவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டோம், இப்போது போனால் காத்திருந்தது வீண். அரை மணிக்கு ஒருமுறை இதே நினைப்புதான். காத்திருந்த நேரம் கூடக்கூட அது இன்னும் நியாயமாகத் தெரிந்தது. தப்பான முடிவு ஒன்றை எடுத்தவனைவிட, ஒரே தப்பான முடிவை அரை மணிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டிருப்பவன் பெரிய முட்டாள். நான் அன்று மூன்று முறை புதுப்பித்தேன்.

ஐந்து மணிக்கு முனுசாமியின் போன் அடித்தது. பவித்ரா. அவன் எடுக்கத் தயங்கினான். பொய் சொல்லத் தெரியாத ஆள், நிஜத்தைச் சொல்லவும் முடியவில்லை. நான் போனை வாங்கினேன். “கவலையே படாதம்மா, சில்க் போர்டு சிக்னல் தாண்டிட்டோம்” என்றேன். பெங்களூரில் எல்லோரும் இருக்கிற இடத்துக்கு இரண்டு சிக்னல் முன்னால் இருப்பதாகத்தான் சொல்வார்கள். அது பொய்யில் சேராது. ஆனால் நான் ஏ.சி. அரங்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். முனுசாமி என் கையிலிருந்து போனை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான். மூன்றாவது முறை போலாமா என்று அவன் கேட்கவில்லை.

ஐந்தே கால் சுமாருக்கு எங்கள் பெயரை அழைத்தார்கள். மேடையில் பதினைந்து நாற்காலி போட்டிருந்தது. நாங்கள் உட்கார்ந்து வாசித்ததே இல்லை. உட்கார்ந்தால் முனுசாமி டிரம்முக்குப் பின்னால் மறைந்துபோகிறான், செல்வத்துக்கு மூச்சு வரவில்லை. எழுந்து நின்று நாற்காலிகளைப் பின்னால் தள்ளினோம். அதுவே ஒரு நிகழ்ச்சி மாதிரி இருந்தது. யாரோ கைதட்டினார்கள்.

மூன்று நடுவர்கள். நடுவில் இருந்த அம்மாவின் கையில் பூஜை அறையில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பித்தளைக் கைமணி. ஆறாவது நிமிஷத்தில் ஒருமுறை, ஏழாவதில் ஒருமுறை அடிப்பார், அதோடு நிறுத்தவேண்டும் என்று அமைப்பாளர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. சீஃப் கெஸ்ட் பேச்சில் மறந்துபோனது.

இப்போது உங்கள் தொழிலை நினைத்துப் பாருங்கள். கோயில் ஊர்வலத்தில் தீபாராதனைக்கு மணி அடித்தால் பேண்டு என்ன செய்யும்? சர்ச் பவனியில் தேர் திரும்பி வாசலுக்கு வரும்போது மணி அடித்தால் என்ன செய்யும்? உயிரைக் கொடுத்து வாசிக்கும். இந்து, கிறிஸ்தவன் வித்தியாசமில்லாமல் நம் எல்லோர் இரத்தத்திலும் ஊறிப்போன விஷயம் அது. மணி கேட்டால் ஏற்று.

ஆறாவது நிமிஷம். அந்த அம்மா நாசூக்காக மணியை ஆட்டினார். பேண்டு ஒரு படி ஏறியது. டிரம்பெட்டுகள் மேல் ஸ்தாயிக்குப் போயின. ஏழாவது நிமிஷம். கொஞ்சம் பலமாக ஆட்டினார். பாபு ஜால்ராவைத் தலைக்கு மேல் தூக்கினான். அந்தோணியின் கழுத்து நரம்பு முதல் வரிசைக்குத் தெரிந்திருக்கும். அந்த அம்மா எழுந்து நின்று இரண்டு கையாலும் ஆட்டினார். எங்கள் ஆட்களுக்குச் சாமியே இறங்கிவிட்டது. பக்கத்திலிருந்து இரண்டு வாலண்டியர்கள் ஓடிவந்து கையை மேலும் கீழும் ஆட்டி நிறுத்தச் சொன்னார்கள். ஊர்வலத்தில் ஓரத்தில் நின்று கையை ஆட்டுகிறவன் இன்னொரு ரவுண்டு கேட்கிறான் என்றுதான் அர்த்தம். செல்வம் அவர்களுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு இன்னொரு ரவுண்டு போட்டான்.

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியும். நிறுத்தச் சைகை காட்டியிருக்கலாம். ஆனால் ஒன்பதாவது நிமிஷத்தில் சபை முழுக்க எழுந்து நின்றிருந்தது. முன்வரிசையில் அருள் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். அந்த வாயை இன்னும் கொஞ்சம் பார்க்க ஆசைப்பட்டேன்.

முனுசாமி எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. அடியை நிறுத்தாமல் வலது பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தான்.

பெரிய டிரம் நகர்ந்தால் பேண்டு நகரும். இது யோசித்துச் செய்கிற காரியமில்லை, கால் செய்கிற காரியம். சைடு டிரம்காரன் திரும்பினான். பாபு திரும்பினான். டிரம்பெட், யூபோனியம் எல்லாம் வாசித்தபடியே மேடைப் படியில் இறங்கி, நடுப்பாதை வழியாக வரிசையாகப் போயின. ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கைதட்டினார்கள். சிலர் போனில் படம் எடுத்துக்கொண்டே கதவுவரை பின்னால் போனார்கள். ஒருவர் நடுவில் குத்தாட்டம் போட்டார். கதவு திறந்தது. பதினாலு பேர் வெளியே போனார்கள்.

மேடையில் நான் ஒருவன்.

என் கால் மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். கிளாரினெட் வாயில் இருந்தது. வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்று நடுவர்களும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மா மணியைக் கீழே வைத்துவிட்டார். அப்போது எனக்குள் மின்னலடித்தது: சிறந்த தனிக்கலைஞர் ஷீல்டு. இதைவிடத் தனியாக எவன் வாசிக்கமுடியும்? பாட்டை அப்படியே மெதுவாக்கி, ஒரு இழு இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன், கலைஞன் என்றால் மூடவேண்டும் இல்லையா? நன்றாகத்தான் வந்தது. பொய் சொல்லக்கூடாது, என் ஆயுளில் அப்படி வந்ததில்லை. கமகம் எல்லாம் தானாக உருண்டு விழுந்தது. எவ்வளவு நேரம் வாசித்தேனோ தெரியாது.

ஓரத்தில் இருந்த நடுவர் மைக்கில், “சார், நிம்ம டீம் ஹொரகடே ஹோய்த்து” என்றார். உங்கள் ஆட்கள் வெளியே போய்விட்டார்கள் என்று எனக்கே தகவல் சொல்கிறார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் கண் திறந்தேன். பெரிய உணர்ச்சிப் பெருக்கெல்லாம் இல்லை. பவித்ராவின் முகம் கண் முன் வந்ததென்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் வரவில்லை. டெம்போ என்னை விட்டுவிட்டுப் போய்விட்டால் ஜரிகைத் தொப்பியோடு பஸ்ஸில் போகவேண்டுமே என்ற பயம்தான் வந்தது. இறங்கி ஓடினேன்.

நல்லவேளையாக அவர்கள் கதவுக்கு வெளியே, வாசலிலேயே இருந்தார்கள். டிரம் மட்டும் மெதுவாக, டம், டம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. வாசலில் கூட்டம் வழியை மறித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வரிசையில் சேர்ந்தேன். நேராக டெம்போ.

அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓசூர் ரோடு அன்று எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முனுசாமி டிரம்மை மடியில் கட்டிப்பிடித்தபடி முன்னால் இருந்த லாரியின் நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். போன் இரண்டு முறை அடித்தது, “வந்துகினே கீறேன் கண்ணு” என்று மட்டும் சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். சந்தாபுரா தாண்டும்போது ஏழு மணி.

ஏழே கால் சுமாருக்கு ஆனேக்கல். மண்டபத் தெரு முனையில், பிள்ளையார் கோயில் பக்கத்தில் அலங்காரக் கார் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் கொதித்துப்போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் எங்கிருந்தோ ஒரு புளூடூத் ஸ்பீக்கரை வரவழைத்து ஆட்டோ மேல் கட்டி வைத்திருந்தார். இதுவே போதும், இறங்கச் சொல்லுங்கள் என்று மூன்று முறை ஆள் அனுப்பினாராம். பவித்ரா கார்க் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. மாமா வராமல் இறங்கமாட்டேன் என்று முக்கால் மணி நேரமாக உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா காருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கும்பிடு எனக்குப் பொறுக்கவில்லை. அது நான் வாங்கிக்கொடுத்த கும்பிடு.

முனுசாமி டிரம்மோடு இறங்கி ஓடினான். அக்கா மகள் கார்க் கதவைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற என்னைத்தான் முதலில் பார்த்தாள்.

“அங்கிள், நீங்க அஞ்சு மணிக்கு சில்க் போர்டு தாண்டினீங்க. அங்கிருந்து நடந்தா வந்தீங்க?”

முனுசாமி டிரம்மைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான். மாலையை வாங்கி அவளுக்குப் போட்டான். கையைப் பிடித்து இறக்கினான். அப்புறம் டிரம்மைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்றான். அந்த ஒரு நிமிஷம் அந்த டிரம்மைச் சுமந்தேன். வெயிட்டாகத்தான் இருந்தது.

வாசித்தோம். கோயில் முனையிலிருந்து மண்டபம் வரை முன்னூறு அடிகூட இருக்காது. அதை அரை மணி நேரம் நடந்தோம். புளூடூத் சித்தப்பாவே கடைசியில் டிரம் முன்னால் துண்டைச் சுழற்றி ஆடினார். என் போன் சட்டைப்பையில் நிறுத்தாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை, இரண்டு கையும் கிளாரினெட்டில் இருந்தது.

மண்டபத்துக்குள் போனபிறகு எடுத்துப் பார்த்தால் அருளிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால். கூப்பிட்டேன். நமக்குப் பரிசு கிடைத்துவிட்டதாம். நேரத்தை மீறியதால் முதல் பரிசு இல்லை. ஆனால் ‘புதுமையான மேடை நகர்வு’ என்று நடுவர்கள் தனியாக ஒரு ஷீல்டு கொடுத்துவிட்டார்கள். குழு முழுக்க வெளியேற, கிளாரினெட் மட்டும் தனியே நின்று அழுவது, பிறகு அதுவும் ஓடிப்போய்ச் சேர்வது என்று அந்த அம்மா மைக்கில் ஐந்து நிமிஷம் விளக்கினாராம். இவ்வளவு யோசித்துச் செய்தீங்களா மாமா என்று முதல்முறையாக மரியாதையோடு கேட்டான். பின்னே என்றேன்.

நாங்கள் இல்லாததால் ஷீல்டை அருளே மேடையேறி வாங்கிக்கொண்டான். அது இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது, விளக்குப் போட்ட அலமாரியில், நடுத்தட்டில். இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். செட் கலைந்துவிடும் என்கிறான். தனிக்கலைஞர் ஷீல்டு ஒரு மிருதங்கக்காரருக்குப் போயிற்று. அவர் கடைசிவரை உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாராம்.

சரி, நான் சொல்ல வந்தது ஷீல்டு பற்றி இல்லை.

பந்தியில் முனுசாமி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கல்யாண வீட்டுக்காரன், எல்லோரும் சாப்பிட்டபிறகு கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தான். இலையில் சாம்பார் ஓடிக்கொண்டிருந்தது, அணை கட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் அதிகம் கேட்டுப் பழக்கமில்லை. கடைசியில், அரங்க வாசலில் மட்டும் கூட்டம் மறிக்காமல் இருந்திருந்தால் என்னை விட்டுவிட்டே போயிருப்பீர்கள், அதுதான் எனக்குத் தகுந்த தண்டனை என்றேன்.

முனுசாமி அப்பளத்தை உடைத்தபடி என்னைப் பார்த்தான்.

“கூட்டமா? வாசல்ல ஒருத்தரும் இல்லியே மாஸ்டர். நான்தான் நிறுத்துனேன்.”

“எதுக்கு? உனக்கே லேட்டாச்சே.”

“நீங்க உள்ள வாசிச்சிகினு இருந்தீங்க. அப்பிடி நீங்க வாசிச்சு நான் கேட்டதே இல்ல. பாட்டுல கீற மனுசனை நடுவுல இழுக்கக் கூடாது, முடிக்கட்டும்னு தாளத்தை மட்டும் புடிச்சிகினு நின்னேன்.”

அவ்வளவுதான் சொன்னான். ரசம் வந்தது, கை நீட்டினான்.

எவ்வளவு நேரம் நின்றாய் என்று நான் கேட்கவில்லை. அவன் கடிகாரம் பார்க்கிற ஆள், சரியாகச் சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது. அங்கே அந்தப் பெண் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரில் காத்திருக்கப்போகிறாள், அவள் அம்மா கும்பிடப்போகிறார், இவன் எனக்காக ஒரு காலி வாசலில் டம், டம் என்று அடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். நான் பாட்டுக்குள் இருக்கிறேன் என்று நினைத்து.

நான் பாட்டுக்குள் இல்லை. ஷீல்டுக்குள் இருந்தேன். அதை அன்று பந்தியில் சொல்லியிருக்கவேண்டும். மோர் வரும்வரை உட்கார்ந்திருந்தும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. முனுசாமி குரூப்பில் இருக்கிறானே தவிர எதையும் படிக்கமாட்டான், உங்களுக்கும் தெரியும். நாளைக்குப் பிராக்டிஸில் உங்களில் யாராவது இதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.